மூணு பக்க டூத்பிரஷ்: ஃப்ரெயில் கேர்ல இருக்குற பெரியவங்களுக்கு வாங்கலாமா? தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், வாங்கலாம். ஆனா உங்க வீட்டுப் பெரியவங்க வாயில எத்தன பல்லு மிச்சம் இருக்கு, அது எங்கெங்க இருக்கு, தேச்சு விடப்போறது யாரு, இந்த மூணயும் பாக்காம வாங்குனீங்கன்னா அது பெட் பக்கத்து டிராயர்லயே கெடக்கும். பிரஷ்ஷு நல்ல பிரஷ்ஷுதான். யாரு கையில போய் சேருதுங்கறதுதான் விஷயமே.

யாருக்காக வாங்குனேன்னு சொன்னாதான் இந்த ரிவ்யூ உங்களுக்குப் பொருந்துமான்னு தெரியும். என் மாமியாருக்கு. எண்பது தாண்டியாச்சு, ஸ்ட்ரோக் வந்ததுக்கு அப்புறம் வலது கை சரியா வராது, கூடவே டிமென்ஷியா. டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு முதியோர் ஹோம்ல ஃப்ரெயில் கேர்ல, அதாவது தன் வேலையத் தானே பாத்துக்க முடியாதவங்களுக்கான பிரிவுல, இருக்காங்க. ஹோம் பேரு வேணாம், இது ஹோம் ரிவ்யூ இல்ல. மேல முழு பல்செட்டு, கீழ முன்பக்கம் சொந்தப் பல்லு கொஞ்சம், கடவாப்பல்லு ஒரு பக்கம் மட்டும். வாயத் தொறன்னா தொறக்க மாட்டாங்க, தொறந்தா பிரஷ்ஷக் கடிச்சுப் புடிச்சுக்குவாங்க, புடிச்சா விட மாட்டாங்க.

அங்க இருக்குற கேரர்ஸ குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது. காலையில ஷிஃப்ட் ஆரம்பிச்சதுல இருந்து குளிப்பாட்டணும், நாப்கின் மாத்தணும், வீல்சேர்ல ஏத்தணும், பாரிட்ஜ் ஊட்டணும், சிஸ்டர் மாத்திரை கொண்டு வரும்போது பக்கத்துல நிக்கணும், இதெல்லாம் முடிச்சு மிச்சம் இருக்குற நேரத்துலதான் பல்லு. குளிக்கலன்னா வாசனை வரும் எல்லாருக்கும் தெரியும், பல்லு தேய்க்கலன்னா யாருக்கும் உடனே தெரியாது, வாய மூடிக்கிட்டு இருக்காங்க இல்ல. அதனால கடைசிக்குப் போயிடுது. இது டர்பன்ல மட்டும் நடக்குறதுன்னு நெனைக்காதீங்க, இங்கிலாந்துல கேர் ஹோம்களுக்குன்னே 2016-ல நைஸ்ங்குற மருத்துவ வழிகாட்டி அமைப்பு வாய் பராமரிப்பு வழிகாட்டி ஒண்ணு போட்டுச்சு, மூணு வருஷம் கழிச்சு 2019-ல கேர் ஹோம்களக் கண்காணிக்குற சிக்யூசிங்குற அமைப்போட இன்ஸ்பெக்டர்ஸ் நூறு ஹோமுக்கு நேர்ல போய்ப் பாத்தா பாதிக்கு மேல, 52 சதவீதம், வாய் சுத்தத்துக்குன்னு ஒரு பாலிசி கூட இல்லாம இருந்துச்சு. அம்புட்டு வசதி இருக்குற ஊர்லயே அந்த நெலமைன்னா நம்ம ஊரு ஹோம்ல என்ன எதிர்பாக்குறது.

பல்லு போனா போகுது, வயசாயிடுச்சு, இனிமே என்ன கரும்பா கடிக்கப் போறாங்கன்னு எங்க வீட்லயே ஒருத்தர் சொன்னாரு. (கரும்புன்னதும் சிரிப்பு வந்துச்சு, அத்தையோட அம்மா மவுன்ட் எட்ஜ்கம்ப் கரும்புத் தோட்டத்து பாரக்ஸ்ல, அதாவது தொழிலாளிங்க லைன் வீட்ல, வளந்தவங்க, கரியும் உப்பும் வெச்சுதான் தேய்ப்பாங்களாம், கடைசி வரைக்கும் பல்லு கெட்டியா இருந்துச்சுன்னு அத்தை நல்லா இருந்தப்போ சொல்லுவாங்க. அதுக்காக இப்ப கரி வெச்சுத் தேய்க்காதீங்க, எனாமல் போயிடும்.) விஷயம் பல்லு மட்டும் இல்ல, நெஞ்சு. வாயில சேர்ற அழுக்குல இருக்குற கிருமி, எச்சியோட சேந்து தூக்கத்துல தெரியாமலே நுரையீரலுக்குள்ள எறங்கும், முழுங்குறது பலவீனமா இருக்குறவங்களுக்கு இருமல் கூட வராது, அப்படியே நிமோனியாவுல கொண்டு போய் விடும். ஜப்பான்ல 11 நர்சிங் ஹோம்ல ரெண்டு வருஷம் பாத்த ஆராய்ச்சி ஒண்ணு 2002-ல வந்துச்சு. ஒரு பகுதி ஆளுங்களுக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் கேரர்ஸ் தேச்சு விட்டாங்க, வாரம் ஒரு தடவ டென்டிஸ்ட்டோ, பல்லு சுத்தம் பண்றதுக்குன்னே படிச்ச ஹைஜீனிஸ்ட்டோ வந்து சுத்தம் பண்ணாங்க, இன்னொரு பகுதிக்கு எப்பவும் போல. எப்பவும் போல விட்டவங்கள்ல 19 சதவீதம் பேருக்கு நிமோனியா, தேச்சு விட்டவங்கள்ல 11 சதவீதம். ஊசி இல்ல, பெரும்பாலும் பிரஷ்ஷும் வாய் சுத்தமும்தான். இதப் படிச்சதுக்கு அப்புறம்தான் நான் சீரியஸா பிரஷ்ஷு தேட ஆரம்பிச்சேன்.

சரி, பிரஷ்ஷுக்கு வருவோம். கைப்பிடி சாதா பிரஷ் மாதிரிதான், கொஞ்சம் தடியா இருக்கும். தலையிலதான் வித்தியாசம். மூணு வரிசை நார், ரெண்டு பக்கமும் உள்பக்கமா வளைஞ்சு நடுவுல குட்டையா, பல்லு மேல வெச்சா லாடம் கவுந்த கணக்கா ஒக்காந்துக்கும். ஒரு தடவ முன்ன பின்ன இழுத்தா வெளிப்பக்கம், உள்பக்கம், கடிக்குற பக்கம் மூணும் ஒண்ணா தேயும். சாதா பிரஷ்ஷுல உள்பக்கத்துக்கு கைய திருப்பி வாய இன்னும் பெருசா தொறக்கச் சொல்லணும் பாருங்க, அங்கதான் அத்தை மாதிரி ஆளுங்க வாய மூடுவாங்க. இதுல அந்த ரெண்டாவது கட்டமே கெடையாது, அதுதான் இதோட முழு அருமையும்.

2018-ல இந்த வகை பிரஷ்ஷப் பத்தின ஆராய்ச்சிகள எல்லாம் ஒண்ணாச் சேத்துப் பாத்த ஒரு தொகுப்பு வந்துச்சு, அதுல சொன்னது எனக்கு ரொம்ப சரியாப் பட்டுச்சு: இன்னொருத்தர் தேச்சு விடும்போது சாதா பிரஷ்ஷ விட இது அழுக்க நல்லா எடுக்குது (ஆதாரம் அவ்வளவு பலமா இல்லன்னும் சேத்தே சொல்றாங்க), தனக்குத் தானே தேச்சுக்கிறவங்களுக்கு அப்படி உறுதியா சொல்ல முடியல. அதனால உங்க அப்பாவோ தாத்தாவோ தானே தேச்சுக்கிறாருன்னா இதுக்கு செலவு பண்ண வேணாம், சின்னத் தல, சாஃப்ட் நார், சாதா பிரஷ்ஷே போதும், கைப்பிடி புடிக்க முடியலன்னா அதுல ஒரு ஸ்பாஞ்ச் குழாயச் சுத்திக் குடுங்க.

என் அனுபவத்துல கீழ முன்பல்லு வரிசை பளிச்சுன்னு வந்துச்சு. முன்னாடி அங்க உள்பக்கம் மஞ்சளா கெட்டியா ஒரு படலம் இருக்கும், ஈறு தொட்டா ரத்தம் வரும், இப்ப ரத்தம் கொறஞ்சிருக்கு. (கெட்டியாப் போன காரை எந்த பிரஷ்ஷுக்கும் வராது, அதுக்கு ஹைஜீனிஸ்ட் வந்து சுரண்டித்தான் எடுக்கணும், அப்படி ஒரு தடவ எடுத்ததுக்கு அப்புறம்தான் இந்த பிரஷ்ஷோட வேலையே ஒழுங்கா தெரிஞ்சுச்சு.) ரத்தம் வருதேன்னு பயந்து அந்த எடத்த விட்டுட்டுத் தேய்க்குற கேரர்ஸ் நெறைய, அது தப்பு, ஈறு வீங்கி இருக்கறதாலதான் ரத்தம் வருது, அங்கதான் மெதுவா விடாம தேய்க்கணும்.

எங்க சொதப்புதுன்னா, தனியா நிக்குற பல்லுல. ரெண்டு பக்கமும் பல்லு இல்லாம நடுவுல ஒத்தப் பல்லு இருந்தா பிரஷ்ஷு ஆடுது, பக்கத்து ஈறக் குத்துது. கடைசி கடவாப்பல்லுக்குப் பின்னாடி போகவே போகாது, தல பெருசு. சாஞ்சு நிக்குற பல்லுலயும் சரியா ஒக்காராது. பல்லு இடுக்குக்கு இது மட்டும் இல்ல எந்த பிரஷ்ஷும் போகாது, அதுக்கு குட்டி இடுக்கு பிரஷ் தனியா வேணும், ஆனா கடிக்குற ஆளுகிட்ட அதெல்லாம் நடக்குற காரியமா. அதனால நான் ரெண்டு பிரஷ் வெச்சிருக்கேன், இது ஒண்ணு, கூடவே கொழந்தைங்க பிரஷ் ஒண்ணு. தனிப்பல்லுக்கும் பின்னாடிக்கும் கொழந்தை பிரஷ். சொந்தப் பல்லு நாலஞ்சுதான், அதுவும் எட்ட எட்ட இருக்குன்னா நேரா கொழந்தை பிரஷ்ஷே வாங்குங்க, காசும் மிச்சம்.

இன்னொரு கொறை, அத்தை கடிச்சா நார் சீக்கிரம் விரிஞ்சுடுது. சாதா பிரஷ்ஷ மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாத்தச் சொல்லுவாங்க, இது அதுக்கு முன்னாடியே போகுது, விரிஞ்சதுக்கு அப்புறம் மூணு பக்கமும் ஒட்டாம சும்மா தடவுது. வெலையும் சாதா பிரஷ்ஷப் போல ரெண்டு மூணு மடங்கு. எனக்குப் பக்கத்து ஃபார்மசி ஷெல்ஃப்ல கெடைக்கல, ஆன்லைன்லதான் ஆர்டர் பண்ணேன், டெலிவரி சார்ஜ் தனி, அதனால மொத்தமா வாங்குறதுதான் கட்டுப்படியாகும்.

இதுக்கு முன்னாடி வாங்கிப் பாத்ததுங்கள ஓட்டமா சொல்லிடுறேன். எலக்ட்ரிக் பிரஷ்: அத்தைக்கு அந்த சத்தமும் அதிர்வும் ஆகல, மொகத்த திருப்பிக்கிட்டாங்க, அதுவும் 2023 லோட்ஷெடிங் நேரத்துல சார்ஜ் எப்ப இருக்கும் எப்ப இருக்காதுன்னே தெரியாது. சிலருக்கு ஒத்துப்போகும், அத்தைக்கு இல்ல. குச்சி நுனியில ஸ்பாஞ்ச் வெச்சு வருமே அது: வாங்காதீங்க. உதட்ட ஈரப்படுத்தலாம், பல்லுல இருக்குற அழுக்கு அதுக்கு வராது, அதோட கடிக்குற ஆளுகிட்ட அந்த ஸ்பாஞ்ச் பிச்சுக்கிட்டு தொண்டையில போய் அடைச்சுக்கும். பிரிட்டன்ல 2012-லயே இதப் பத்தி அதிகாரப்பூர்வமா எச்சரிக்கை விட்டாங்க, இன்னும் வித்துக்கிட்டுதான் இருக்காங்க, ஹோம்ல டப்பா டப்பாவா வெச்சிருப்பாங்க. பாத்தீங்கன்னா சிஸ்டர்கிட்ட நேரா பேசுங்க. மவுத்வாஷ்: முழுங்குறது சரியில்லாத ஆளுக்கு கொப்பளிக்கக் குடுக்குறதே ஆபத்து. குளோர்ஹெக்சிடின்ங்குற கிருமி கொல்ற மருந்து, டாக்டர் சொன்னா கொஞ்ச நாளைக்கு, பிரஷ்ஷுல தொட்டுத் தேய்க்கலாம், ரொம்ப நாள் போட்டா பல்லு பழுப்பாயிடும்.

பேஸ்ட் பத்தி ஒரு வார்த்தை. பட்டாணி அளவு போதும். நுரை அதிகமா வராத பேஸ்ட்டாப் பாத்து வாங்குங்க, நுரை தொண்டைக்குப் போனா பொரையேறும். சாதா பேஸ்ட்டுல ஃப்ளோரைடு 1450 பிபிஎம் பக்கம் இருக்கும், வேர் வெளிய தெரியிற பல்லு, சொத்தை வேகமா பரவுற ஆளுன்னா 5000 பிபிஎம் பேஸ்ட் இருக்கு, அத டென்டிஸ்ட்ட கேட்டுட்டு வாங்குங்க, நீங்களா எடுக்காதீங்க. தேச்சு முடிச்சதும் துப்பச் சொல்லுங்க, தண்ணி விட்டு அலச வேணாம், துப்பத் தெரியாதுன்னா துணியால வழிச்சு எடுத்துடுங்க.

இப்ப முக்கியமான விஷயம். பிரஷ்ஷு வந்த புதுசுல அத்தை இதையும் கடிச்சாங்க. அப்பறம் ஹோமுக்கு வந்த ஓரல் ஹைஜீனிஸ்ட் ஒருத்தங்க காட்டிக் குடுத்த முறைதான் எல்லாத்தையும் மாத்துச்சு. நிமித்தி ஒக்கார வைக்கணும், படுக்க வெச்சுத் தேய்க்கவே கூடாது. எதுக்க வந்து, கண்ணுக்கு நேரா நின்னு, பிரஷ்ஷக் காட்டி, பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு அப்பறம்தான் வாய்கிட்ட போகணும். அவங்க கையில ஒரு பழைய பிரஷ்ஷக் குடுத்துடணும், அத அவங்க புடிச்சுக்கிட்டு இருக்கும்போது நம்ம கையில இருக்குறத வெச்சு நாம தேய்க்கணும். கை சும்மா இருந்தா நம்ம கையத் தட்டி விடுவாங்க, கையில பிரஷ் இருந்தா இது என்ன வேலைன்னு ஒடம்புக்கு ஞாபகம் வந்துடுது போல. இன்னொண்ணு, நாம ரெண்டு இழுப்பு ஆரம்பிச்சு வெச்சுட்டு அவங்க கைய நம்ம கைக்குள்ள வெச்சுத் தொடர விடுறது. கடிச்சுக்கிட்டாங்கன்னா இழுக்காதீங்க, அப்படியே விட்டுட்டு தோள தடவிக் குடுங்க, தானா விடுவாங்க. பல்லுக்கு நடுவுல வெரல மட்டும் விட்டுடாதீங்க.

ரொம்ப அடம்னா விட்டுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு வேற ஒருத்தர் வரணும். அத்தைக்கு ராசியான ஆளு காலை ஷிஃப்ட்ல வர்ற ஒரு ஜூலு பொண்ணு. "கோகோ, வுலா உம்லோமோ"ம்பா, பாட்டி வாயத் தொறங்கன்னு, அத்தை சமத்தா தொறப்பாங்க. நான் தமிழ்ல கெஞ்சுனாலும் இங்கிலீஷ்ல கெஞ்சுனாலும் தொறக்காத வாயி. முருகன் பாட்டு போட்டா நான் போனாலும் நடக்கும், காவடி மாசத்துல கேட்ட பாட்டெல்லாம் இன்னும் வரி மாறாம பாடுவாங்க, பாடும்போது வாய் தொறந்துதானே ஆகணும்.

பல்செட்டுக்கு இந்த பிரஷ் ஆகாது, தட்டையா இருக்குற பல்செட்டு பிரஷ்தான் வேணும், பேஸ்ட்டும் வேணாம், அதுல இருக்குற நறநறப்பு பல்செட்ட கீறிடும், அந்தக் கீறல்ல கிருமி ஒக்காந்துக்கும். பாத்திரம் கழுவுற லிக்விட் சோப்போ கை சோப்போ போட்டுத் தேச்சு நல்லா அலசுனா போதும். கீழ பேசின்ல தண்ணி நெரப்பிட்டோ துண்டு விரிச்சுட்டோ கழுவுங்க, கை நழுவுனா ஒடையாது. சுடுதண்ணி கூடாது, வளைஞ்சுடும். ராத்திரி கண்டிப்பா கழட்டணும், இத நான் எத்தன தடவ சொன்னாலும் தகும். ஜப்பான்ல 85 வயசு தாண்டின 524 பேர வெச்சு 2015-ல வந்த ஆராய்ச்சியில, பல்செட்டோட தூங்குறவங்களுக்கு நிமோனியா ஆபத்து ரெண்டு மடங்குக்கு மேல. கழட்டி, தேச்சு, பேரு எழுதின டப்பாவுல தண்ணியில போட்டு வைக்கணும். கழட்டுனதும் மேல்வாய பாருங்க, சிவந்து வெல்வெட்டா இருந்தா காளான் தொத்து, நர்ஸ்ட்ட சொல்லணும். பல்செட்டுலயே பேரப் போட்டுக் குடுக்கச் சொல்லி டென்டிஸ்ட்ட கேளுங்க, ஒரு ஹோம்ல எல்லார் பல்செட்டையும் ஒரே பேசின்ல போட்டுக் கழுவி எது யாரோடதுன்னு தெரியாம மாட்டி விட்ட கதை எங்க சொந்தத்துலயே இருக்கு.

வாய் வறட்சி பாவம் பெரியவங்களுக்கு. பிரஷர் மாத்திரை, மனசு மாத்திரை, அலர்ஜி மாத்திரை, யூரின் அடக்குற மாத்திரை எல்லாமே எச்சிய கொறைக்கும். எச்சி இல்லாத வாயில சொத்தை ஓடும். அதுக்கு மேல நம்ம ஆளுங்க பாசத்துல கொண்டு போற கண்டென்ஸ்டு மில்க் டீ, ரஸ்க், மாத்திரைய நசுக்கி ஜாம்ல கலந்து குடுக்குறது. தீபாவளிக்குப் போனப்போ பாத்தேன், அத்தை வாயில ஒரு மணி நேரம் கழிச்சும் பர்ஃபி ஒட்டிக்கிட்டு இருக்கு. குடுக்காதீங்கன்னு சொல்லல, சாப்பாட்டோட சேத்துக் குடுத்துட்டு கூடவே தேச்சு விட்டுட்டு வாங்க.

இனி ஹோம் பக்கம். பிரஷ்ஷு வாங்கிக் குடுத்துட்டு வந்துட்டா ஒண்ணும் நடக்காது. அமெரிக்காவுல நார்த் கரோலினாவுல 14 நர்சிங் ஹோம்ல கேரர்ஸுக்கு ட்ரெய்னிங் குடுத்து பெரிய ஆராய்ச்சி பண்ணாங்க, 2020-ல வெளிவந்துச்சு. மொத வருஷம் நிமோனியா கொறஞ்சுச்சு. ரெண்டு வருஷத்தையும் சேத்துப் பாத்தா அந்த வித்தியாசம் நிக்கல. எனக்கு இதுல புரிஞ்சது, ஆளு மாறும், ஆர்வம் கொறையும், விடாம கேட்டுக்கிட்டே இருக்க ஒருத்தர் வேணும். எங்க ஹோம்ல நான் மேட்ரன்கிட்ட கேட்டு பெட்டுக்கு மேல ஒரு அட்டை ஒட்டியிருக்கேன்: மேல பல்செட்டு, கீழ சொந்தப் பல்லு, எந்த பிரஷ் எதுக்கு, கையில பழைய பிரஷ் குடுக்கணும், ராத்திரி கழட்டணும். இங்கிலீஷ்லயும் ஜூலுலயும். புதுசா ஷிஃப்ட்டுக்கு வர்றவங்க யாருன்னாலும் படிச்சுட்டுச் செய்யலாம். மாசத்துக்கு ஒரு தடவ ஒதடு, நாக்கு, ஈறு, எச்சி, பல்லு, பல்செட்டு, சுத்தம், வலி இந்த எட்டையும் பாத்து மார்க் போடுற ஓஹாட்னு ஒரு ஃபார்ம் இருக்கு, டென்டிஸ்ட் தேவையில்ல, நர்ஸே போடலாம், உங்க ஹோம்லயும் கேட்டுப் பாருங்க. இங்க 2006 ஓல்டர் பெர்சன்ஸ் சட்டத்துப்படி ஹோம்ல ரெசிடென்ட்ஸ் கமிட்டின்னு ஒண்ணு இருக்கணும், சாப்பாட்டு மெனுவுக்கு மட்டும் அது கூடாம இதையும் அதுல கேளுங்க. வெஸ்ட்வில் கேம்பஸ்ல யுனிவர்சிட்டி ஆஃப் குவாஸூலு நேட்டால் ஓரல் ஹைஜீனும் டென்டல் தெரபியும் சொல்லிக் குடுக்குறாங்க, படிச்சு முடிச்ச நம்ம புள்ளைங்களே சாட்ஸ்வொர்த்லயும் ஃபீனிக்ஸ்லயும் எவ்வளவோ பேரு, கோயில்ல ஹெல்த் கேம்ப் நடத்துறவங்க பிரஷரும் சுகரும் பாக்குறதோட ஒரு தடவ இவங்களக் கூட்டிக்கிட்டு ஹோமுக்குப் போனா என்ன?

மார்க்கு: தேச்சு விட ஆளு இருக்குறவங்களுக்கு அஞ்சுக்கு நாலு. தானே தேய்க்குறவங்களுக்கு ரெண்டு. முழு பல்செட்டுக்காரங்களுக்கு தேவையே இல்ல, ஆனா அவங்களுக்கும் ஈறையும் நாக்கையும் சாஃப்ட் பிரஷ்ஷால தெனமும் தேச்சு விடணும், பல்லே இல்லாத வாயும் வாய்தான்.

வாங்கும்போது நார் எக்ஸ்ட்ரா சாஃப்ட்டான்னு பாருங்க, பெரியவங்க சைஸ் சின்னவங்க சைஸ் ரெண்டும் வரும், வாய் சின்னதா இருந்தா சின்னவங்க சைஸே நல்லா போகும். ரூம்ல ரெண்டு மூணு பேரு படுத்திருந்தா ஒரே கலர் வாங்காதீங்க, மாறிடும், கைப்பிடியில மார்க்கர்ல பேரு எழுதி மேல டேப் ஒட்டிடுங்க, மார்க்கர் மட்டும்னா ரெண்டு வாரத்துல அழிஞ்சுடுது.